நாலில் ரெண்டு தேறியது: இன்சாட்-1 கதை

படத்தில் பார்த்தாலே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும் அந்தச் செயற்கைக்கோள். இரண்டு பக்கமும் நீலச் சிறகை விரித்துச் சமமாக நிற்கும் கோள்களுக்குப் பழகிய கண்ணுக்கு இன்சாட்-1 கோணலாகத்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் சூரியத் தகடு. மறுபக்கம் தகடே கிடையாது. நீளமாக ஒரு கம்பு, அதன் நுனியில் ஒரு பாய். படகில் கட்டுகிற பாய்க்கு என்ன வேலையோ அதேதான் இதற்கும். காற்றுக்குப் பதில் சூரிய ஒளியை வாங்க வேண்டும். வடிவமைத்தவர்களுக்கு ரசனை போதவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியா போட்ட நிபந்தனை அப்படி.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்திடம் (ஆமாம், கார் ஃபோர்டின் குடும்பம்தான்) 1978-ல் இந்த வரிசைக்கு ஆர்டர் கொடுத்தது இந்திய விண்வெளித் துறை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தொலைபேசிக்கு ஒரு செயற்கைக்கோள், வானிலைக்கு வேறொன்று என்று தனித்தனியாக வைத்திருந்த காலம். நம் கையில் இருந்த காசுக்கு அது கட்டுப்படியாகாது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை மூன்றும் ஒரே பெட்டிக்குள் வர வேண்டும் என்றது டெல்லி. தொலைபேசிக்கு சி-பேண்டில் 12 டிரான்ஸ்பாண்டர்கள் (கீழிருந்து வரும் சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்), தொலைக்காட்சிக்கு எஸ்-பேண்டில் சக்தி வாய்ந்த 2 டிரான்ஸ்பாண்டர்கள், மேகத்தைப் படம் பிடிக்க ஒரு கேமரா. தபால் தந்தி, தூர்தர்ஷன், வானொலி, வானிலை எனப் பல துறைகள் ஒரு கோளைப் பங்கு போட்டுக்கொண்டன. அரசுத் துறைகள் இப்படி ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த ஒப்புக்கொண்டதே ஒரு சாதனை.

சிறகு ஒன்றாகிப்போனது அந்தக் கேமராவால். இரவிலும் மேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் உணர்கருவி தேவை. அது கடும் குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். குளிரூட்ட இயந்திரம் எதுவும் வைக்கவில்லை. கருவியின் ஒரு முகத்தை இருண்ட வெட்டவெளியைப் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். சூடு தானாக வெளியேறிவிடும். அந்தப் பக்கம் சூரியத் தகடு நின்றால் அதன் வெப்பம் அடித்துக் குளிர்ச்சி கெட்டுவிடும். ஆகவே அங்கே தகடு கூடாது. தகடு ஒரு பக்கம் மட்டும் என்றானதும் வேறொரு தொல்லை முளைத்தது. சூரிய ஒளிக்கும் மெல்லிய அழுத்தம் உண்டு. அது தகடு இருக்கிற பக்கத்தை மட்டும் நாளெல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தால் கோள் மெல்லத் திரும்பத் தொடங்கும். அதைச் சரிக்கட்டத்தான் மறுபக்கம் கம்பும் பாயும். பாய் விரியாமல் போனால் சிறு சிறு உந்திகளை இயக்கி எரிபொருள் செலவழித்துத்தான் நேரே நிறுத்த வேண்டும். விண்ணில் எரிபொருள்தான் ஆயுள்.

முதல் கோளின் பாய் விரியவில்லை.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அங்கே ஒரு ரிலே நிலையம் வைத்தால் உலகத்தோடு பேசலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் பிறகு கொழும்பில் குடியேறிவிட்டார். 1975-ல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 கோளைக் கடன் வாங்கி 'சைட்' என்ற பெயரில் இந்தியா ஓராண்டுத் தொலைக்காட்சிப் பரிசோதனை நடத்தியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்கே போய் கிளார்க் வீட்டில் ஒரு டிஷ் ஆன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் என்று ஒன்று இன்னும் வராத நேரம். தான் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கருத்தைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்!

சைட் பரிசோதனையில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்கள் நிகழ்ச்சி பார்த்தன. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1981 ஜூன் 19-ல் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் இலவச இடம் கிடைத்து 'ஆப்பிள்' போனது. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில் உருவான கோள் அது. திட்ட இயக்குநர் தமிழரான ஆர்.எம். வாசகம், பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். ஆப்பிளை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. ஏழ்மையின் சின்னமாக அதை இன்றும் சிலர் பகிர்கிறார்கள். உண்மையில் அது கெட்டிக்காரத்தனம். ஆன்டெனா சோதனைக்குச் சுற்றிலும் உலோகம் இருக்கக் கூடாது. லாரி முழுக்க உலோகம், மரவண்டி அப்படியில்லை. ஆப்பிளிலும் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியாமல் மக்கர் செய்தது. இருந்தாலும் இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள்.

இந்த அனுபவத்தோடுதான் 1982 ஏப்ரல் 10-ல் கேப் கனவரலில் இருந்து டெல்டா ராக்கெட்டில் இன்சாட்-1ஏ கிளம்பியது. கர்நாடகத்தின் ஹாசனில் புதிதாக அமைத்த மாஸ்டர் கன்ட்ரோல் நிலையம் அதை ஏற்றுக்கொண்டது. முதலில் சி-பேண்ட் ஆன்டெனா விரிய மறுத்தது. உந்திகளை இயக்கிக் கோளையே உலுக்கி ஒருவழியாக அதை விடுவித்தார்கள். பாய் மட்டும் எதற்கும் மசியவில்லை. சரி, எரிபொருளைக் கொடுத்துச் சமாளிப்போம் என்று 74 டிகிரி கிழக்கில் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு இதன் வழியாகத் தொடங்கியது. நாட்டுக்குக் கலர் டிவி வந்ததும் அன்றுதான். நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அமைச்சகங்கள் அதை மனதில் வைத்தே ஓடிக்கொண்டிருந்தன.

செப்டம்பர் 4. பூமியின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள இந்த மாதிரிக் கோளில் ஒரு பூமி உணர்கருவி உண்டு. குளிர்ந்த கறுப்பு வானத்தில் வெதுவெதுப்பான ஒரு வட்டத்தைத் தேடுவதுதான் அதன் வேலை. அன்று அதன் பார்வைக்குள் நிலா வந்தது. நிலாவும் வெதுவெதுப்பான வட்டம்தான். கருவி குழம்பியது, பூமியின் மேல் இருந்த பிடி விட்டது. திரும்பத் திரும்பச் சரிசெய்ய முயன்றதில் மிச்சமிருந்த எரிபொருள் தீர்ந்தது. 6-ஆம் தேதி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அறிவித்தார்கள். ஏழு ஆண்டு உழைக்க வேண்டிய கோள், ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை.

நிலாவைத் தெரியாமலா கோள் கட்டினார்கள் என்று நாடே கேட்டது. நியாயமான கேள்விதான். இன்று எந்தக் கட்டுப்பாட்டு நிலையத்திலும் சூரியனும் நிலாவும் எப்போது உணர்கருவிக்குக் குறுக்கே வரும் என்ற அட்டவணை முன்கூட்டியே தயாராக இருக்கும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கத்துப் பார்வையை அடைத்துவிடுவார்கள். ஆனால் என் கணக்கில், 1ஏ போனதற்கு நிலாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வேலையை ஒரே கோளில் திணித்ததால் சிறகு ஒன்றானது. சிறகு ஒன்றானதால் பாய் தேவைப்பட்டது. பாய் விரியாததால் முதல் நாளிலிருந்தே அது எரிபொருள் விஷயத்தில் கடன்காரக் கோள். கடைசி அடியைக் கொடுத்தது நிலா.

நவம்பர் 19-ல் ஆசிய விளையாட்டு திட்டமிட்டபடியே தொடங்கியது. வெளிநாட்டுக் கோளில் வாடகைக்கு இடம் பிடித்து ஒளிபரப்பை ஒப்பேற்றினார்கள். கலர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செத்துப்போன 1ஏ எங்கேயும் விழவில்லை. புவிநிலைப் பாதையில் இரண்டே இடங்களில், பூமியின் ஈர்ப்பு ஒரே சீராக இல்லாததால், கட்டுப்பாடு இழந்த கோள்கள் பள்ளத்தில் தண்ணீர் சேர்வதுபோல் வந்து சேர்ந்து முன்னும் பின்னும் ஊசலாடும். அவற்றில் ஒன்று 75 டிகிரி கிழக்கு, நம் உச்சிக்குப் பக்கத்தில். 1ஏ உயிர்விட்டது அந்தப் பள்ளத்தின் அடிக்குப் பக்கத்தில்தான்.

அடுத்தது 1பி. 1983 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. மின்னலும் மழையும் கொஞ்சம் ஓய்ந்ததும் சேலஞ்சர் விண்கலம் கிளம்பியது. அமெரிக்க விண்ணோடம் இரவில் புறப்பட்டது அதுவே முதல்முறை. இன்சாட்டை இறக்கிவிட வேண்டிய நேரக் கணக்குதான் அதற்குக் காரணம். விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரான கய்ன் புளூஃபோர்டு அதில் இருந்தார். மறுநாள் சரக்குப் பெட்டியில் இருந்து சுழற்றி வெளியே விட்டார்கள். இந்த முறை பாய் ஒழுங்காக இருந்தது. சூரியத் தகடு விரியவில்லை! ஹாசனிலும் அமெரிக்காவிலும் பொறியாளர்கள் இரண்டு வாரம் மல்லுக்கட்டினார்கள். செப்டம்பர் நடுவில் தகடு விரிந்தது. அக்டோபரில் சேவை தொடங்கியது. அதன் பிறகு கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் இந்தியாவின் பெரும் பாரத்தை அந்த ஒரு கோள் தனியாகச் சுமந்தது.

சுமந்ததில் முதலிடம் தொலைக்காட்சிக்கு. 1984-ல் நான்கு மாதங்கள், சராசரியாக நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் தூர்தர்ஷன் நாடெங்கும் நட்டுக்கொண்டே போனது. பெரும்பாலும் 100 வாட் சக்தி கொண்ட சிறிய டிரான்ஸ்மிட்டர்கள். ஒரு டிஷ், ஒரு அறை, ஒரு கோபுரம், சில ஊழியர்கள். வானத்திலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி ஊருக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குத் தெளித்துவிடும். அந்த ஆண்டு ஜூலையில் 'ஹம் லோக்' தொடர் தொடங்கியது, 1987-ல் ராமாயணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்கள் வெறிச்சோடிய கதை ஊரறிந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது. அதன் வீச்சு சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. தென்கோடிக் கடற்கரை ஊர்களில் மொட்டை மாடியில் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டு, இலங்கை ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலிடெய்ர், டயனோரா என்று சென்னையிலேயே டிவி பெட்டி தயாரானது. அதில் பார்க்கத் தமிழ்தான் கிடைக்கவில்லை. ஒருவழியாக நம் ஊருக்கும் டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஆன்டெனாவைத் திருப்பினால், வந்தது டெல்லி. ஹிந்திச் செய்தி, ஹிந்தித் தொடர், ஹிந்திப் படம். தொழில்நுட்பக் காரணம் எளிது: தொலைக்காட்சிக்கு இருந்தவை இரண்டே எஸ்-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள். டெல்லி மேலே ஏற்றுவதைத்தான் எல்லா ஊரும் கீழே இறக்க முடியும். சென்னையில் வெள்ளிக்கிழமை ஒளிபரப்பான 'ஒளியும் ஒலியும்' நாலு மாவட்டம் தாண்டிப் போக வழியில்லை. 35,786 கிலோமீட்டர் உயரம் போய் வருகிற டெல்லி வீட்டுக்குள் வந்தது; சென்னை வரவில்லை.

தொழில்நுட்பக் காரணம் மட்டும்தானா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். இருக்கிற இரண்டில் ஒன்றையாவது மாநில மொழிகளுக்கு நேரம் பிரித்துத் தந்திருக்க முடியும். கிராமங்களுக்கு நேரடியாகச் சமூக டிவி பெட்டி வைக்கும் திட்டத்துக்கு இன்சாட் ஆறு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலிலும் தமிழ்நாடு இல்லை. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையுச்சியில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகுதான் தென்மாவட்டங்கள் சென்னை நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்த்தன. தமிழுக்கென்று தூர்தர்ஷன் செயற்கைக்கோள் சேனல் தொடங்க 1993 ஆனது. அதே ஆண்டு சன் டிவியும் வெளிநாட்டுக் கோள் ஒன்றின் வழியாக வந்துவிட்டது. பத்தாண்டு தாமதத்துக்கு என்ன விலை என்பதை அதன் பிறகு தூர்தர்ஷன் நன்றாகவே தெரிந்துகொண்டது.

தொலைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, ஷில்லாங்கில் பெரிய தரைநிலையங்கள். போர்ட் பிளேர், கவரத்தி, லே மாதிரி கம்பி இழுக்க முடியாத இடங்களுக்குச் சிறியவை. அந்தமானில் இருக்கும் மகனோடு பேசிய பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் பதில் வர அரை நொடிக்கு மேல். அதற்குள் இவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்க, அங்கிருந்து முந்தைய பதில் வர, இரண்டு பேரும் சேர்ந்தே நிறுத்த, மறுபடி சேர்ந்தே ஆரம்பிக்க, மூன்று நிமிடம் முடிந்துவிடும்.

வானிலைதான் இன்சாட்டின் உண்மையான சம்பாத்தியம். அந்தக் கேமரா பகல் வெளிச்சத்தில் 2.75 கிலோமீட்டர் நுணுக்கத்திலும் அகச்சிவப்பில் 11 கிலோமீட்டர் நுணுக்கத்திலும் படம் எடுத்தது. இன்றைய கணக்கில் மங்கல்தான். ஆனால் அதுவரை துருவப் பாதையில் சுற்றும் வெளிநாட்டுக் கோள்கள் தலைக்கு மேல் வரும்போது கிடைக்கிற ஓரிரு படங்களை வைத்து, இடையில் புயல் எங்கே போனதென்று ஊகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அசையாத ஒரு கண் கிடைத்தது. வங்கக் கடலில் மேகம் திரள்வதையும் சுழல்வதையும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க முடிந்தது.

படம் கிடைத்தால் போதுமா? தகவல் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். புயல் நெருங்கும்போது முதலில் சாய்வது தொலைபேசிக் கம்பம்தான். அதற்கு இன்சாட்டிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். கலெக்டர் அலுவலகம், காவல் நிலையம் போன்ற இடங்களில் ஒரு சின்ன டிஷ், ஒரு ரிசீவர். ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு குறியீட்டு எண். சென்னையில் உள்ள புயல் எச்சரிக்கை மையத்தில் இருப்பவர் எந்த மாவட்டத்துக்கு ஆபத்தோ அந்த எண்ணை அனுப்பினால், அங்கே மட்டும் ரிசீவர் தானாக விழித்துக்கொள்ளும். முதலில் சைரன் ஊதும். ஆள் ஓடிவர அவகாசம் கொடுத்து, பிறகு மனிதக் குரலில் அறிவிப்பு. அதுவும் அந்த வட்டார மொழியில். 1980-களின் நடுவில் முதல் நூறு ரிசீவர்கள் வைத்த இடம் வட தமிழகக் கரையும் தென் ஆந்திரக் கரையும். சைட் பட்டியலிலும் டிவி பட்டியலிலும் இடம்பெறாத தமிழ்நாடு, இதில் முதல் வரிசையில் இருந்தது. டிவியில் தமிழ் பேசாத அதே கோள், புயலன்று தமிழில் பேசியது.

1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். 1990 மே மாதம் மசூலிப்பட்டினம் அருகே அதற்கு ஈடான ஒரு புயல் கரை கடந்தது. முன்கூட்டியே லட்சக்கணக்கில் மக்களை வெளியேற்றியிருந்தார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இதற்குக் கோள் மட்டும் காரணமில்லை. புயல் காப்பகங்கள், ரேடார், ஓடியாடிய வருவாய்த் துறை ஊழியர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்த ஒற்றைச் சிறகுக்கும் கோணல் கம்புக்கும் காரணமான கேமரா, தன் விலையை அந்த ஒரு வாரத்தில் கொடுத்துவிட்டது.

மற்ற இரண்டு கோள்களின் ஜாதகம் இன்னும் மோசம். 1சி விண்ணோடத்தில் போக வேண்டியது. கூடவே ஓர் இந்தியரும் போவதாக இருந்தது. இஸ்ரோ பொறியாளர்கள் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் இருவரையும் தேர்வு செய்திருந்தார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் வெடித்துச் சிதறியதும் அந்தப் பயணம் ரத்தானது. இருவரும் விண்ணுக்குப் போகவே இல்லை. 1988 ஜூலையில் ஏரியனில் போன 1சி, மேலே போனதும் மின்சுற்றில் கோளாறாகிப் பாதிப் பலத்தோடு ஓடியது. 1989 நவம்பரில் அதுவும் பூமியின் பிடியை இழந்து போய்ச்சேர்ந்தது.

1டி கிளம்புவதற்கு முன்பே அடி வாங்கிய கோள். 1989 ஜூனில், ராக்கெட் ஏற இன்னும் பத்து நாள் இருக்கையில், ஏவுதளத்தில் கிரேன் கொக்கி அதன் மேல் விழுந்து ஆன்டெனாவை நொறுக்கியது. பழுது பார்க்கத் திரும்ப பாலோ ஆல்டோவுக்கு எடுத்துப்போனார்கள். அக்டோபர் 17-ல் அந்தப் பகுதியையே உலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. கோளுக்கு மறுபடி சேதம். ஒருவழியாக 1990 ஜூன் 12-ல் டெல்டாவில் ஏறி, 83 டிகிரி கிழக்கில் போய் நின்றது. கிழடுதட்டிப்போன 1பி-யிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது. நான்கில் அதிக காலம் உழைத்தது அதுதான். பன்னிரண்டு ஆண்டுகள், 2002 வரை.

ஆக நான்கில் இரண்டு. கணக்கு வழக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தோல்வி வரிசை. ஆனால் விரியாத ஆன்டெனாவை உலுக்கித் திறப்பதையும் பாதி மின்சாரத்தில் கோளை ஓட்டுவதையும் எந்த நிறுவனமும் விற்பனையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்காது. ஹாசனில் இருந்தவர்கள் அவற்றைக் கற்றுக்கொண்டார்கள். 1992 ஜூலை 10-ல் ஏரியனில் போன இன்சாட்-2ஏ பெங்களூரில் கட்டியது. எடையில் 1ஏ-வைவிட முக்கால் டன் கூடுதல். அதிலும் ஒரு பக்கம் தகடு, மறுபக்கம் கம்பும் பாயும்! அடுத்த ஆண்டு 2பி. இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. அப்போது இஸ்ரோ தலைவர் யு.ஆர். ராவ்.

காசு வந்ததும் கூட்டுக் குடித்தனம் கலைந்தது. 2002 செப்டம்பரில் வானிலைக்கென்றே ஒரு தனிக்கோளை நம் பிஎஸ்எல்வி ராக்கெட் ஏற்றியது. அடுத்த பிப்ரவரியில் கொலம்பியா விபத்தில் இறந்த கல்பனா சாவ்லாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தொலைத்தொடர்புக்கு ஜிசாட் வரிசை தனியாக ஓடுகிறது.

பெட்டியை நாமே கட்டப் பழகி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வண்டிதான் இன்னும் சரிப்படவில்லை. 2018-ல் 5,854 கிலோ ஜிசாட்-11 ஏரியனில் போனது. 2024 நவம்பரில் 4,700 கிலோ ஜிசாட்-என்2, ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9-ல் ஏறியது. இடம் அதே கேப் கனவரல். 2025 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்விஎம்-3 ராக்கெட் 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03-ஐத் தூக்கிச் சென்றது. புவிநிலைப் பாதையை நோக்கி இந்திய மண்ணிலிருந்து போன தொலைத்தொடர்புக் கோள்களில் அன்றுவரை அதுவே கனமானது. அந்தப் பாதைக்கு அதைவிடக் கனமான கோள்களை அனுப்பக் கடல் தாண்டத்தான் வேண்டியிருந்தது. அந்த ராக்கெட்டுக்குப் புதிய செமி-கிரையோஜெனிக் என்ஜின் சோதனையில் இருக்கிறது.